ஊருக்கே வரும் வைரஸ், ஒரு பிள்ளையின் மூளையை மட்டும் தாக்குவது ஏன்?

மூளைக் காய்ச்சல் வந்த பிள்ளையின் வீட்டில் எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான். "தெருவுல எல்லாப் பிள்ளைங்களுக்கும்தான் காய்ச்சல் வந்துச்சு. நம்ம பிள்ளைக்கு மட்டும் ஏன் தலைக்கு ஏறுச்சு?" பாலக்கோடு, பென்னாகரம், ஊத்தங்கரைப் பக்கம் இதற்குத் தயாராகச் சில பதில்கள் உண்டு. கண் பட்டுவிட்டது, காத்து கருப்பு அடித்துவிட்டது, வெயிலில் விளையாட விட்டார்கள், தாய் சரியாகக் கவனிக்கவில்லை. இந்தக் கடைசிப் பதில்தான் எனக்குப் பொறுக்க முடியாதது. ஏற்கெனவே நொந்து கிடக்கிற பெண்ணின் தலையில் பழியையும் ஏற்றிவிடுகிறார்கள்.

கடந்த இருபது ஆண்டுகளில் இந்தக் கேள்விக்கு வேறொரு பதில் கிடைத்திருக்கிறது. எல்லாப் பிள்ளைகளுக்கும் அது பொருந்தாது. ஆனால் சிலருக்கு அச்சாகப் பொருந்துகிறது. அந்தப் பிள்ளைகள் பிறக்கும்போதே நோய் எதிர்ப்பு சம்பந்தப்பட்ட ஏதோ ஒரு ஜீனில், அதாவது மரபணுவில், பிழையோடு பிறக்கிறார்கள். மற்றவர்களுக்கு மூன்று நாள் காய்ச்சலோடு போகும் வைரஸ், அந்தப் பிழை இருக்கும் பிள்ளையின் மூளை வரை போய்விடுகிறது. பிள்ளை வளர்ப்புக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

முதலில் அந்த வைரஸைப் பார்ப்போம். காய்ச்சல் விட்ட பிறகு சிலருக்கு உதட்டோரத்தில் கொத்தாகச் சிறு கொப்புளங்கள் கிளம்பும். இரண்டு நாள் எரியும், உடைந்து பொருக்குத் தட்டும், ஒரு வாரம் பத்து நாளில் தழும்பில்லாமல் ஆறிவிடும். பல்லி எச்சம், பூச்சிக்கடி என்று சொல்லி மஞ்சள் தடவிவிட்டு விடுவோம். இதைச் செய்வது ஹெர்ப்பிஸ் சிம்ப்ளெக்ஸ் என்ற வைரஸின் முதல் வகை. உலகில் 50 வயதுக்கு உட்பட்டவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குப் பேரின் உடம்பில் இது இருக்கிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. பெரும்பாலோருக்குச் சின்ன வயதிலேயே, வீட்டுப் பெரியவர்கள் கொஞ்சும்போது எச்சில் வழியாகத் தொற்றிவிடும். முகத்து நரம்பின் முடிச்சில் போய் ஆயுள் முழுக்க உறங்கும். உங்களுக்கும் எனக்கும் இருக்க வாய்ப்பு அதிகம். இதனால் ஒன்றும் ஆகிவிடுவதில்லை.

ஆனால் ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் சுமார் 2 முதல் 4 பேருக்கு இதே வைரஸ் நரம்பு வழியாக மூளைக்குள் போய்விடுகிறது. சிகிச்சை இல்லையென்றால் அவர்களில் 100-க்கு 70 பேர் இறந்துபோவார்கள். ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளுக்கு ஒரு உச்சமும், ஐம்பது வயது தாண்டியவர்களுக்கு இன்னொரு உச்சமும் உண்டு. குழந்தைகளுக்கு இது பெரும்பாலும் அந்த வைரஸை முதல் தடவை சந்திக்கும்போதே வந்துவிடுகிறது.

இதில் மருத்துவர்களைப் பல காலம் குழப்பிய விஷயம் ஒன்று உண்டு. எதிர்ப்புச் சக்தி குறைந்த குழந்தை என்றால் நமக்கு ஒரு சித்திரம் இருக்கிறது. மாதத்துக்கு ஒரு தடவை நிமோனியா, காதில் சீழ், ஆறாத வயிற்றுப்போக்கு, எடை ஏறாமல் சூம்பிப்போன உடம்பு. ஹெர்ப்பிஸ் மூளைக் காய்ச்சல் வந்த குழந்தைகள் அப்படி இல்லை. அதுவரை கொழுகொழுவென்று வளர்ந்தவர்கள். அம்மை வந்து போயிருக்கும், சளி வந்து போயிருக்கும், ஒன்றும் ஆகியிருக்காது. இரத்தத்தைச் சோதித்தால் வெள்ளணுக்கள், எதிர்ப்புப் புரதங்கள் எல்லாம் சரியாகவே இருக்கும். பிறகு எதிர்ப்புக் குறைபாடு என்று எப்படிச் சொல்வது?

ஜீன் பார்வையில் இந்தக் கேள்வியைக் கையில் எடுத்தவர்கள் ஷான்-லோரான் கசனோவா, லோரான் அபெல், ஷென்-யிங் ஜாங் ஆகியோரின் குழு. பாரிஸிலும் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்திலும் இவர்களுடைய ஆய்வுக்கூடங்கள் இருக்கின்றன. 2006-இல் இரண்டு குழந்தைகளிடம் யுஎன்சி93பி1 என்ற ஜீன் பழுதாகியிருப்பதைக் கண்டார்கள். இரண்டு குழந்தைகளின் பெற்றோரும் சொந்தத்தில் மணந்தவர்கள். அடுத்த ஆண்டே, 2007-இல், வேறு இரண்டு குழந்தைகளிடம் டிஎல்ஆர்3 என்ற ஜீனில் பழுது கண்டுபிடித்தார்கள். அதற்குப் பிறகு டிரிஃப், டிராஃப்3, டிபிகே1, ஐஆர்எஃப்3 என்று ஒன்றன் பின் ஒன்றாக வந்தன. பெயர்களை நினைவில் வைக்க வேண்டியதில்லை. இவை அத்தனையும் ஒரே வேலையில் அடுத்தடுத்து நிற்கிற ஆட்கள் என்பதுதான் முக்கியம்.

அந்த வேலையைத் தேன்கனிக்கோட்டை, தளிப் பக்கத்து விவசாயிக்கு எளிதாகச் சொல்லிவிடலாம். கேழ்வரகு முற்றுகிற காலத்தில் காட்டிலிருந்து யானைகள் இறங்கும். பரணில் ஒருவர் கண்விழித்து உட்கார்ந்திருப்பார். இருட்டில் கிளை ஒடிகிற சத்தம் கேட்டதும் தகரத்தைத் தட்டிக் கூச்சல் போடுவார். பக்கத்துக் கொல்லைக்காரர்கள் எழுந்து தீப்பந்தம் கொளுத்திக்கொள்வார்கள். வனத்துறை ஆட்கள் வந்து சேர்வது அதற்கு அப்புறம்தான். நம் செல்லுக்குள் பரணில் இருப்பது டிஎல்ஆர்3. வைரஸ் உள்ளே புகுந்து பெருகும்போது இரட்டை இழை ஆர்என்ஏ என்ற ஒரு பொருள் உருவாகும், அதன் வாடை பட்டதுமே இது விழித்துக்கொள்ளும். மேலே சொன்ன மற்ற ஜீன்கள் அந்தச் சேதியைக் கைமாற்றிக் கைமாற்றிச் செல்லின் மையத்துக்குக் கொண்டு போகும். கடைசியில் இன்டர்ஃபெரான் என்ற புரதம் வெளியே போகும். அதுதான் தகரச் சத்தம். 1957-இல் ஐசக்ஸ், லிண்டன்மன் என்ற இருவர் கண்டுபிடித்த புரதம் இது. அது பட்ட பக்கத்துச் செல்கள் எல்லாம் வைரஸ் பெருக முடியாதபடி தங்களை மாற்றிக்கொள்ளும். வெள்ளணுப் படை வருவது இதற்குப் பிறகு.

நுரையீரலிலும் குடலிலும் தோலிலும் பரணில் ஓர் ஆள் தூங்கிவிட்டாலும் சமாளிக்கலாம், இன்டர்ஃபெரானைக் கிளப்ப அங்கே வேறு காவல்களும் இருக்கின்றன. மூளையின் நரம்புச் செல்லுக்கு, இந்த ஒரு வைரஸ் விஷயத்தில், டிஎல்ஆர்3 வழியை விட்டால் வேறு பெரிய துணை இல்லை. அதனால்தான் அந்தக் குழந்தைக்கு மற்ற நோய் எதுவும் வராமல் இது மட்டும் வருகிறது. 2012-இல் இதை நேரடியாகவே காட்டினார்கள். நோய் வந்த குழந்தைகளின் தோல் செல்லை எடுத்து, அதைக் கருவின் ஆரம்பச் செல் மாதிரி பின்னோக்கி மாற்றி, ஆய்வுக்கூடத்தில் நரம்புச் செல்லாக வளர்த்தார்கள். ஹெர்ப்பிஸ் வைரஸை விட்டபோது அந்தச் செல்களில் வைரஸ் தாறுமாறாகப் பெருகியது. முன்கூட்டியே இன்டர்ஃபெரானை வெளியிலிருந்து ஊற்றிய செல்கள் தாக்குப்பிடித்தன. குறை இரத்தத்தில் இல்லை, மூளைச் செல்லுக்குள்ளேயே இருக்கிறது என்பது அப்போது உறுதியாகிவிட்டது. வழக்கமான இரத்தப் பரிசோதனையில் ஏன் ஒன்றும் தெரியவில்லை என்ற பழைய குழப்பமும் தீர்ந்தது.

2018-இல் டிபிஆர்1 என்ற ஜீனில் பழுதுள்ள குழந்தைகளைக் கண்டார்கள். இவர்களுக்கு வைரஸ் பிடித்த இடம் மூளைத்தண்டு. மூச்சு, விழுங்குவது, கண் அசைவு எல்லாவற்றையும் நடத்துகிற இடம் அது. ஹெர்ப்பிஸ் மட்டுமில்லை, சாதாரண ஃப்ளூ, வயிற்றுப்போக்கு தரும் நோரோ வைரஸ்கூட அவர்களில் சிலருக்கு அங்கே போயிருந்தது. இதற்குப் பக்கத்தில் வைத்துச் சொல்ல வேண்டியது ரான்பிபி2 என்ற ஜீன். இதை எதிர்ப்புக் குறைபாடு என்று முழுதாகச் சொல்ல முடியாது. ஆனால் இதில் குறிப்பிட்ட மாற்றம் உள்ள குழந்தைக்கு ஃப்ளூ மாதிரியான காய்ச்சல் வந்து ஓரிரு நாளில் வலிப்பும் மயக்கமும் வரலாம், மூளையின் நடுப்பகுதி இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வீங்கலாம், வேறொரு காய்ச்சலின்போது அதே குழந்தைக்குத் திரும்பவும் வரலாம். "அவன் அண்ணனுக்கும் இப்படித்தான் ஆச்சு" என்று ஒரு வீட்டில் சொன்னால் மருத்துவர் காது கொடுக்க வேண்டிய இடம் இது.

தாய்மாமன்களைப் பற்றிக் கேளுங்கள்

இதுவரை சொன்னது ஒரு வகை. இன்னொரு வகைதான் பழையது, எளிதில் கண்டுபிடிக்கக்கூடியது. அதனாலேயே அதைத் தவறவிடுவது எனக்கு அதிக வருத்தம் தருகிறது.

1952-இல் ஆக்டன் புரூட்டன் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர் எட்டு வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி எழுதினார். திரும்பத் திரும்ப இரத்தத்தில் கிருமி ஏறிப் படுத்தவன். இரத்தத்தைச் சோதித்தால் காமா குளோபுலின் என்ற எதிர்ப்புப் புரதம் சுத்தமாக இல்லை. அடுத்தவர்களின் இரத்தத்திலிருந்து பிரித்த அந்தப் புரதத்தை ஊசியாகப் போட்டுவந்தார், சிறுவன் தேறினான். காரணமான பிடிகே ஜீன் 1993-இல் கண்டுபிடிக்கப்பட்டது.

இந்த ஜீன் எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பெண்ணுக்கு இரண்டு எக்ஸ், ஒன்றில் பழுது இருந்தாலும் மற்றது காப்பாற்றிவிடும். ஆணுக்கு ஒன்றே ஒன்று. அதனால் நோய் ஆண் பிள்ளைக்கு வரும், வழி தாய் வீட்டு வழியாக இருக்கும். இப்படிப்பட்ட பிள்ளையின் குடும்பத்தை விசாரித்தால், அம்மாவின் தம்பியோ அண்ணனோ கைக்குழந்தையாக இருந்தபோது 'சளியில் போயிட்டான்', 'ஜன்னி வந்து போயிட்டான்' என்ற கதை வரக்கூடும். நம் ஊர்ச் சடங்குகளில் தாய்மாமனுக்கு எத்தனையோ இடம் கொடுக்கிறோம். உயிரோடு இல்லாத தாய்மாமன்களைப் பற்றி மருத்துவரிடம் சொல்ல யாருக்கும் தோன்றுவதில்லை. அதைச் சொல்லுங்கள். பாட்டியைக் கேட்டால் தெரியும்.

தாயிடமிருந்து கருவில் கிடைத்த எதிர்ப்புப் புரதம் ஆறு மாதம் வரை தாங்கும். அதற்கு அப்புறம்தான் குழந்தைக்குக் காது, நுரையீரல் நோய்கள் ஆரம்பிக்கும். மூளைக்கு வரும் ஆபத்து, குடலில் வாழும் என்டெரோ வைரஸ்களால். நமக்கெல்லாம் இரண்டு நாள் வயிற்றுப்போக்கோ கை கால் வாய்ப் புண்ணோ தந்துவிட்டுப் போகிறவை இவை. இந்தப் பிள்ளைகளிடம் இவை மூளைக்குள் போய் மெதுவாக, மாதக்கணக்கில் வேலை செய்யும். காய்ச்சல்கூட இல்லாமல் இருக்கலாம். ஓடிக்கொண்டிருந்தவன் தடுமாறுவான், காது மந்தமாகும், படித்தது மறக்கும். மூளைக் காய்ச்சல் என்றால் ஒரே நாளில் கொளுத்துவது என்றுதான் நாம் நினைத்திருக்கிறோம், இது அப்படி வராது.

இவ்வளவு பெரிய நோயின் முதல் பரிசோதனை மிக எளிது. இரத்தத்தில் ஐஜிஜி, ஐஜிஏ, ஐஜிஎம் என்ற எதிர்ப்புப் புரதங்களின் அளவு பார்ப்பது. பழுது உறுதியானால் மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை இம்யூனோகுளோபுலின் என்ற அந்த எதிர்ப்புப் புரதத்தையே மருந்தாக இரத்தக் குழாய் வழியாக ஏற்றுவார்கள். ஆயுள் முழுக்க ஏற்ற வேண்டும், விலையும் அதிகம். ஆனால் பிள்ளை பள்ளிக்கூடம் போவான், வேலைக்குப் போவான்.

சொந்தத்தில் கல்யாணம்

இந்தப் பேச்சைத் தவிர்க்க முடியாது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 100 திருமணங்களில் சுமார் 28 இரத்த சொந்தத்துக்குள் நடந்தவை. தர்மபுரி, கிருஷ்ணகிரியில் அக்கா மகளைக் கட்டுவதும் அத்தை மகன், மாமன் மகளைக் கட்டுவதும் நாம் எல்லோரும் பார்த்து வளர்ந்ததுதான்.

எல்லா மனிதர்களிடமும் சில ஜீன்கள் ஒரு பிரதி பழுதாக இருக்கின்றன. மற்ற பிரதி நன்றாக இருப்பதால் தெரிவதில்லை. கணவனும் மனைவியும் ஒரே பாட்டியின் வழி வந்திருந்தால், பாட்டியிடம் இருந்த அதே பழுதுப் பிரதி இருவரிடமும் இருக்கலாம். அவர்கள் பிள்ளைக்கு இரண்டு பக்கமிருந்தும் அதுவே கிடைத்துவிட்டால் நோய் வெளியே வரும். அத்தை, மாமன் பிள்ளைகள் மணந்தால் அவர்கள் குழந்தையின் ஜீன்களில் சராசரியாக 16-இல் ஒரு பங்கு இப்படி இரு பக்கமும் ஒரே மூலத்திலிருந்து வந்ததாக இருக்கும். தாய்மாமனை மணந்தால் அது 8-இல் ஒரு பங்கு. 2006-இல் கண்ட யுஎன்சி93பி1 குறை இப்படி இரண்டு பிரதியும் பழுதானால்தான் வரும்.

அதே சமயம், சொந்தத்தில் மணந்தவர்களின் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் நல்ல ஆரோக்கியத்தோடுதான் பிறக்கிறார்கள். ஏற்கெனவே மணமாகிக் குடும்பம் நடத்துகிறவர்களைக் குற்றவாளியாக்க இதைச் சொல்லவில்லை. ஒரு பிள்ளைக்குக் கடுமையான நோய் வந்திருந்தால், அடுத்த பிள்ளைக்கு முன்பு மரபணு ஆலோசனை கேட்பதற்காகவும், இனி பேசப்போகும் சம்பந்தங்களுக்கு யோசிப்பதற்காகவும் சொல்கிறேன். அசலில் கட்டியவர்களுக்கு இது வராது என்றும் இல்லை. டிஎல்ஆர்3-இல் ஒரே பிரதி பழுதானாலே போதும். பிடிகே பழுது யாருடைய மகனுக்கும் வரலாம், சில சமயம் அந்தப் பிள்ளையிடமே புதிதாகத் தோன்றும்.

இன்னொன்றும் உண்டு. டிஎல்ஆர்3 பழுதுள்ள குழந்தையின் குடும்பத்தைச் சோதித்தபோது அதே பழுதோடு பெரியவர்கள் நலமாக இருந்தார்கள், ஹெர்ப்பிஸ் வைரஸும் அவர்கள் உடம்பில் வந்து போயிருந்தது. ஜீனில் பழுது இருப்பதும் நோய் வருவதும் ஒன்றில்லை. எந்த வயதில் வைரஸைச் சந்தித்தோம் என்பதும் மற்ற ஜீன்களும் சேர்ந்துதான் முடிவாகிறது. பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு ஒரு பிள்ளையின் எதிர்காலத்தை யாரும் எழுதிவிட வேண்டாம்.

ஜீன் பிறகு, ஊசி முதலில்

ஹெர்ப்பிஸ் வைரஸுக்குப் பிடித்த இடம் காதுக்கு மேலே, மூளையின் பக்கவாட்டுப் பகுதி. பேச்சு, ஞாபகம், முகம் அறிவது, பயம் எல்லாம் அங்கேதான். அதனால் காய்ச்சலோடு சேர்ந்து நடத்தை மாறும். பெற்றவளை யாரென்று கேட்பார்கள், சம்பந்தமில்லாமல் பேசுவார்கள், இல்லாத நாற்றம் அடிக்கிறது என்பார்கள், வெறித்துப் பார்ப்பார்கள், முகத்தின் ஒரு பக்கம் வெட்டி வெட்டி இழுக்கும். சின்னக் குழந்தை என்றால் பால் குடிக்காமல் துவண்டு கிடக்கும். பேய் பிடித்தது என்று நம் ஊரில் சொல்வதற்கு இதைவிடப் பொருத்தமான அடையாளம் வேண்டுமா? மந்திரிக்கக் கூட்டிப்போய் ஒரு ராத்திரி கழிந்தால், அந்த ராத்திரியில் போன மூளைச் செல் திரும்ப வராது. காய்ச்சலோடு குழப்பமோ வலிப்போ வந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள். சித்தேரி மலையிலிருந்து இறங்க வேண்டியவர்கள் இன்னும் சீக்கிரம் கிளம்ப வேண்டும்.

ஹெர்ப்பிஸ் சந்தேகம் இருந்தாலே ஏசைக்ளோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்தை இரத்தக் குழாய் வழியாகத் தொடங்கிவிடுவார்கள், சோதனை முடிவுக்காகக் காத்திருப்பதில்லை. எட்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, 14 முதல் 21 நாள் வரை. மாத்திரையாகக் கொடுத்தால் மூளைக்குப் போதிய அளவு போகாது. நாலு நாளில் பிள்ளை எழுந்து உட்கார்ந்ததும் "நல்லாயிட்டான், கூட்டிட்டுப் போறோம்" என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. தயவுசெய்து அப்படிச் செய்ய வேண்டாம், வைரஸ் மறுபடி கிளம்பும்.

முதுகில் நீர் எடுப்பது பற்றியும் பயம் உண்டு, கால் விழுந்துவிடும் என்று. பிள்ளையைப் பக்கவாட்டில் சுருட்டிப் படுக்கவைத்து, இடுப்புக்குக் கீழே, தண்டுவடம் முடிந்துவிட்ட இடத்துக்கும் கீழே மெல்லிய ஊசியை விடுவார்கள். சொட்டுச் சொட்டாகச் சில மில்லி எடுத்து, கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனைக்கு அனுப்புவார்கள். அந்தச் சில சொட்டில்தான் ஹெர்ப்பிஸா, ஜப்பானிய மூளைக் காய்ச்சலா, டிபியா என்று தெரியும். ஜப்பானிய மூளைக் காய்ச்சல் இந்தியாவில் முதலில் அடையாளம் காணப்பட்டதே 1955-இல், பக்கத்து வேலூரில்தான். அப்புறம், அக்குளிலோ தொடை இடுக்கிலோ காதுக்குப் பின்னாலோ சிகரெட் சுட்டது போன்ற கறுப்புப் பொருக்கு இருக்கிறதா என்று பார்த்து மருத்துவரிடம் காட்டுங்கள். அது ஸ்க்ரப் டைஃபஸ் என்ற பாக்டீரியாக் காய்ச்சலாக இருக்கலாம். அது வைரஸ் இல்லை, டாக்ஸிசைக்ளின் என்ற மருந்துக்குக் கட்டுப்படும்.

வீடு திரும்பிச் சில வாரத்தில் பிள்ளைக்குக் கை கால் தானாக முறுக்குவது, தூக்கம் கெடுவது, வெறிபிடித்த மாதிரி கத்துவது என்று ஆரம்பித்தால் வைரஸ் திரும்பிவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். ஹெர்ப்பிஸ் மூளைக் காய்ச்சலுக்குப் பிறகு கணிசமான பேருக்கு உடம்பே தன் மூளைக்கு எதிராக எதிர்ப்புப் புரதம் உண்டாக்கிக்கொள்கிறது. அதற்குச் சிகிச்சை வேறு.

இவ்வளவும் கடந்த பிறகு ஜீன் சோதனையைப் பற்றிப் பேசலாம். ஊதா மூடிக் குழாயில் சில மில்லி இரத்தம்தான் தேவை, முடிவு வரச் சில வாரம் ஆகும். வேலூர் சிஎம்சி, பெங்களூர் நிம்ஹான்ஸ் மாதிரியான இடத்தில் மரபணு ஆலோசனையும் கிடைத்தால் நல்லது. முடிவில் "பொருள் தெளிவில்லாத மாற்றம்" என்று வந்தால் அதை நோய் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கடும் எதிர்ப்புக் குறைபாடுகள் சிலவற்றுக்கு எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை உண்டு, மத்திய அரசின் 2021 அரிய நோய்க் கொள்கையின் கீழ் உதவி கேட்கவும் வழி இருக்கிறது.

தடுப்பூசி பற்றிக் கடைசியாக, கவனமாக. நம் பிள்ளைகள் அனைவருக்கும் அட்டவணைப்படி எல்லாத் தடுப்பூசியும் வேண்டும். தட்டம்மை வைரஸே மூளையைத் தாக்கக்கூடியது, தடுப்பூசி அதைத் தடுக்கிறது. எச்சரிக்கை தேவைப்படுவது எதிர்ப்புக் குறைபாடு உறுதியான, அல்லது பலமாகச் சந்தேகிக்கப்படுகிற குழந்தைக்கு மட்டும். பிசிஜி, போலியோ சொட்டு மருந்து, ரோட்டா சொட்டு மருந்து, தட்டம்மை-ரூபெல்லா ஆகியவை பலவீனமாக்கிய உயிருள்ள கிருமியால் செய்தவை. எதிர்ப்புப் புரதமே இல்லாத பிள்ளையின் குடலில் சொட்டு மருந்து வைரஸ் நீண்ட காலம் தங்கி, அரிதாக வாதத்தையும் உண்டாக்கும். அதனால் அவனுக்கும், அவனோடு வளர்கிற தம்பி தங்கைக்கும் சொட்டுக்குப் பதில் போலியோ ஊசியே போடுவார்கள். இன்டர்ஃபெரானை ஏற்கும் ஜீனில் பழுதுள்ள சில குழந்தைகளுக்குத் தட்டம்மை ஊசி ஒத்துக்கொள்ளாமல் போனதையும் மருத்துவ உலகம் பதிவு செய்திருக்கிறது. ஆகவே, மூத்த பிள்ளையிடம் இப்படி ஒரு குறை தெரிந்த வீட்டில் அடுத்து பிரசவம் நடந்தால், பிறந்த நாளில் பிசிஜியும் சொட்டும் கொடுப்பதற்கு முன்பே பிரசவ வார்டு மருத்துவரிடமும் கிராம சுகாதாரச் செவிலியரிடமும் மூத்த பிள்ளையின் சோதனைத் தாளைக் காட்டிவிடுங்கள்.